மலை வெள்ளத்தை வரைவது எப்படி? பழனிமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில், கொடைக்கானலைச் சுற்றியிருக்கும் பழனிமலையில், பூம்பாறைக் கிராமத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பாலத்தடியில் ஓடிய வெள்ளத்தை வரைந்தேன். சாம்பல் வானம், நீலம் கலந்த தண்ணீர், பாறையில் மோதித் தெறிக்கும் வெள்ளை நுரை. எனக்கே பெருமையாக இருந்தது. பூண்டுக்காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தாவிடம் காட்டினேன். அவர் படத்தைக் கை நீட்டி எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தண்ணியத்தான் வரைஞ்சிருக்க தம்பி. என் மண்ணு எங்க?"

அந்த வாரம் அவருடைய மேல் பாத்தியில் முக்கால்வாசி மண் விதைப்பூண்டோடு சேர்ந்து ஓடையில் போயிருந்தது. நான் பாலத்தடியில் பார்த்தது அதைத்தான். பார்த்துவிட்டு நீலத்தைத் தொட்டிருக்கிறேன்!

அதற்குப் பிறகு நான் வெள்ளம் வரைகிற முறையே மாறிப்போனது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நீர்வண்ணத்தில் கொஞ்சம் கை பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது. தைல வண்ணக்காரர்களுக்கும் நான்காம் படி தவிர எல்லாம் பொருந்தும்.

முதல் படி: எந்த வெள்ளம் என்று முடிவு செய்யுங்கள்

தூரிகையைத் தொடும் முன் இதைச் செய்ய வேண்டும். வெள்ளம் என்றதும் அழிவு என்று மனம் தானாக ஓடிவிடும். தமிழில் வெள்ளத்துக்கு அந்த ஒரு முகம் மட்டும் இருந்ததில்லை. ஆடிப் பதினெட்டுக்கு நாம் 'பெருக்கு' என்று பெயர் வைத்திருக்கிறோம். வருடத்தின் முதல் கலங்கல் வந்தால் அது 'புதுப்புனல்'. வையையில் புதுப்புனல் வந்ததும் மதுரைக்காரர்கள் நீராட ஓடியதைப் பரிபாடல் கொண்டாடுகிறது. மலையிலிருந்து பூவையும் சந்தனத்தையும் அடித்துக்கொண்டு வருகிற வெள்ளம் அது. அந்த வைகைக்கு மஞ்சளாறும் வராக நதியும் நம் பழனிமலையின் தெற்குச் சரிவிலிருந்துதான் இறங்கிப் போகின்றன.

மலை வரைகிறவர்களுக்கு இரண்டு பழைய உவமைகள் மிகவும் கைகொடுக்கும். ஒன்று, குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு. குறிஞ்சித் திணை. 'செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே.' செம்மண்ணில் விழுந்த மழை சிவப்பாகிவிட்டது, இனி எது மண், எது நீர் என்று பிரிக்க முடியாது. எழுதியவரின் சொந்தப் பெயர் தொலைந்து, உவமையே அவருக்குப் பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆகிவிட்டார். இங்கே கலங்கல் தண்ணீர் என்பது சேர்க்கைக்கு அடையாளம்.

இன்னொன்று, 'யாதும் ஊரே' பாட்டின் நடுவில் வருவது. அந்தப் பாட்டின் முதல் வரியை ஊரெல்லாம் சுவரில் எழுதுகிறோம், நடுவரியை யாரும் எழுதுவதில்லை. கல்லை மோதி இரைகிற பேராற்றில் அடித்துச் செல்லப்படும் தெப்பம் போல உயிர் போகிறது என்கிறார் கணியன் பூங்குன்றனார். இங்கே வெள்ளம் ஊழ். பயமுறுத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. போகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக மதுரையின் பிட்டுக்கு மண் சுமந்த கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே வைகை வெள்ளம் ஒரு வழக்கு மாதிரி. ராஜாவிடம் நியாயம் கேட்க வந்த தண்ணீர்.

ஆக, சேர்க்கையா, ஊழா, கொண்டாட்டமா, வழக்கா, இல்லை நேரடியான இழப்பா? ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல்லாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சொல் எழுதினால் படம் இரண்டாகப் பிளந்துவிடும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கதைதான்.

இரண்டாம் படி: மற்றவர்கள் வரைந்ததைப் பாருங்கள், அப்புறம் அதிலிருந்து விலகுங்கள்

எல்லாம் இணையத்தில் பெரிய அளவில் கிடைக்கின்றன. முதலில் பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் 1660 முதல் 1664 வரை வரைந்த நான்கு பருவங்களில் 'குளிர்காலம்'. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பைபிளின் பெருவெள்ளம்தான் பொருள். படம் முழுக்க ஈய நிறம். இடதுபக்கப் பாறையில் ஒரு பாம்பு ஊர்கிறது. நடுவில் ஒரு படகு சின்ன அருவி விளிம்பில் கவிழ்ந்துகொண்டிருக்கிறது. வலதுபக்கம் ஒரு குழந்தையைக் கைமாற்றி மேலே ஏற்றுகிறார்கள். ஒன்று கவனியுங்கள். தண்ணீர் கிட்டத்தட்ட அமைதியாக இருக்கிறது, அலை இல்லை. எல்லாம் முடிந்துபோன அமைதி அது. வெள்ளத்தைச் சீற்றமாகக் காட்டாமலே முடிவைக் காட்டிவிட்டார்.

அடுத்து ஆல்ஃபிரட் சிஸ்லி. 1876இல் பிரான்ஸின் சேன் நதி பொங்கிப் போர்-மார்லி என்ற ஊருக்குள் வந்தபோது அதைப் பல படங்களாக வரைந்தார். ஒரு மதுக்கடை வீடு தண்ணீருக்குள் நிற்கிறது, படகுகள் தெருவில் ஓடுகின்றன. அழுகை, கூச்சல் எதுவும் கிடையாது. வானம் முழுக்கத் தெருவில் விழுந்து கிடக்கிறது. வெள்ளம் அவருக்கு ஒரு கண்ணாடி.

எனக்கு இரண்டுமே பிடிக்கும். சிஸ்லியைக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். ஆனால் இரண்டையும் கொடைக்கானலுக்குக் கொண்டுவர முடியாது. ஏன் என்றால் இரண்டுமே நிற்கும் வெள்ளம். மலையில் வெள்ளம் நிற்காது. ஏறாது, சூழாது, கண்ணாடி ஆகாது. வரும், போகும். போகும்போது மலையில் கொஞ்சத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போகும். மலை வெள்ளத்தை வரைகிறவர் இடம் மாறிக்கொண்டிருக்கும் ஒரு மலையை வரைகிறார் என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு உதவுகிறவர்கள் வேறு இருவர். லியனார்டோ டாவின்சி கடைசிக் காலத்தில் கருஞ்சுண்ணத்தால் வரைந்த பிரளயச் சித்திரங்கள் இங்கிலாந்தின் விண்ட்சரில் இருக்கின்றன. தண்ணீரின் ஓட்டத்தைத் தலைமுடிச் சுருளோடு ஒப்பிட்டவர் அவர். சுழிகளை அவர் கோட்டிலிருந்து கற்கலாம். அப்புறம் சீனாவின் தென்சொங் அரசமரபுக் காலத்து ஓவியர் மா யுவான். தண்ணீரை மட்டும் பன்னிரண்டு படங்களாக வரைந்தவர். சீன மொழியில் நிலக்காட்சி ஓவியத்துக்குப் பெயரே 'மலை-நீர்' என்பதுதான்.

மாமல்லபுரத்துக்குப் போனால் கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கும் சிற்பத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்திரன் கொட்டுகிற மழைதான் கதையே. சிற்பத்தில் ஒருவர் நிதானமாகப் பசு கறந்துகொண்டிருக்கிறார். வெள்ளத்தைக் காட்ட வெள்ளம் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நமக்குப் பக்கத்தில் இல்லை.

மூன்றாம் படி: காலமும் இடமும்

நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். அங்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த ஊரின் பெயரே பழைய மண்சரிவு ஒன்றிலிருந்து வந்ததுதான். பழனிமலை அப்படி இல்லை. நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் சொல்லும் பெரும்பொழுதான, அதாவது பருவமான கூதிரும் அதே இரண்டு மாதம்தான். நெடுநல்வாடையில் 'குன்று குளிர்ப்பன்ன கூதிர்ப் பானாள்' என்று ஒரு வரி வரும். மலைக்கே குளிரெடுத்தது போன்ற நடுராத்திரி. நவம்பரில் மன்னவனூர்ப் பக்கம் ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம்.

அதனால் கோடைச் சுற்றுலாவுக்கு வரும்போது வெள்ளம் வரையலாம் என்று நினைக்காதீர்கள். மே மாதம் கிடைப்பது ஒரு சாயங்கால மழையின் சலசலப்பு.

இடம்: வத்தலக்குண்டு மலைப்பாதையில் டம் டம் பாறைக் காட்சிமுனையிலிருந்து தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றால் எல்லோருக்கும் தெரியும், 297 மீட்டர். எட்டத்திலிருந்து வரைய இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. வெள்ள நாளில் எலிவால் பூனைவாலாகத் தடிக்கும். விழுகிற தண்ணீரில் காற்று கலப்பதால் கலங்கல்கூட அங்கே பால் ஊற்றிய காப்பி மாதிரி வெளுத்துத்தான் தெரியும். முழுப் பழுப்பு அடிக்காதீர்கள்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நிற்கலாம். ஆனால் அங்கே விழுவது 1863இல் கட்டிய கொடைக்கானல் ஏரியின் உபரி நீர். ஊர் படகு விட்டு மிச்சம் வைத்த தண்ணீர். அதை வரைந்து 'தூய இயற்கை' என்று தலைப்பு வைத்தால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

கும்பக்கரை மாதிரி அடிவார இடங்களில் பாறைமேல் ஓவியத் தாங்கியை விரிக்கவே விரிக்காதீர்கள். பெரியகுளத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டியிருக்கும், கண்மூடித் திறப்பதற்குள் காட்டாறு வந்துவிடும். தண்ணீரின் நிறம் திடீரென்று மாறினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ படத்தை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். வனத்துறை தடை போட்டிருந்தால் தடைதான். ஆனாலும் ஒரு விஷயம். நீல வானத்துக்குக் கீழே பழுப்பு வெள்ளம் என்பது மலையடிவாரத்துக்கே உரிய காட்சி. ஊழ் என்ற சொல்லை எழுதிக்கொண்டவர்கள் இதை மனதில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வரையலாம். காரணம் எங்கோ மேலே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடும்.

நான்காம் படி: மண்ணிலிருந்து நிறம்

இந்தப் படிதான் எனக்கு உயிர். கடையில் வாங்கும் பர்ண்ட் சியன்னா, எல்லோ ஓக்கர் என்ற மண் நிற வண்ணங்களே போதும், தப்பில்லை. ஆனால் அந்த ஓடையில் போன மண்ணையே வண்ணமாக்கினால், அடையாளம் என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. படத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கும்.

ரோட்டோரம் வெட்டிவிட்ட மேட்டிலோ, கேட்டுக்கொண்டு யாராவது தோட்டத்திலோ இரண்டு டம்ளர் மண் எடுங்கள். காட்டுக்குள் எடுக்காதீர்கள். பெருமாள்மலைக் காப்பித் தோட்டத்து மண் ஒரு நிறம், பூம்பாறைப் பூண்டுக்காட்டு மண் வேறு நிறம். சோலைக்காட்டு ஓரத்தில் மக்கிய இலையோடு கிட்டத்தட்டக் கறுப்பு.

மண்ணை வெயிலில் காயவைத்து, வேரும் கல்லும் பொறுக்கி, உரலில் இடியுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்கிவிட்டு மெதுவாகப் பத்து எண்ணுங்கள். அதற்குள் மணல் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மேலே தெளிந்த நீர், அடியில் தயிர் மாதிரி ஒரு படிவு. நீரை வடித்துவிட்டு, படிவைத் தட்டில் பரப்பிக் காயவையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். வாளியில் நீங்கள் செய்தது ஆறு செய்கிற வேலைதான். வேகமாக ஓடும் இடத்தில் கல்லையும் மணலையும் உருட்டும். வேகம் குறையக் குறையப் பருமனானதை முதலில் போடும், நைசான வண்டலைக் கடைசியில் போடும். கல் மலையடியில் நிற்கும், வண்டல் வைகைக் கரைவரை போகும். படத்தின் மேல்பகுதியில் கரகரப்பான வண்ணமும் கீழே வரவர நைசான வண்ணமும் போட்டால் இந்தப் பயணம் தாளிலேயே வந்துவிடும். அதற்காக நான் இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். ஐந்து எண்ணிச் சாய்த்தது ஒன்று, ஐம்பது எண்ணிச் சாய்த்தது ஒன்று.

பொடி காய்ந்ததும் பிசின். நாட்டுமருந்துக் கடையில் கருவேலம் பிசின் கிடைக்கும். ஒரு பங்குப் பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் சில சொட்டுத் தேன் விட்டால் வண்ணம் வெடிக்காது, ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டால் பூஞ்சை பிடிக்காது. கண்ணாடித் தகட்டில் பொடியைக் குவித்து, நடுவில் குழி செய்து, பிசினை ஊற்றிக் குழைத்து அரையுங்கள். நறநறவென்ற சத்தம் நிற்கும்வரை அரைக்க வேண்டும். பொறுமை இல்லாமல் நான் ஒருமுறை பாதியில் நிறுத்தினேன். காய்ந்த படத்தைத் தூக்கியதும் வெள்ளம் மடியில் கொட்டிவிட்டது.

மண்ணில் வரைவது நம் மலைகளுக்குப் புதிது இல்லை. நீலகிரிக் குறும்பர்கள் வேங்கைப் பிசினையும் மண்ணையும் கொண்டு வரைந்த வழி இருக்கிறது. அவர்களுடைய உருவங்களை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்களுடையது.

ஐந்தாம் படி: பிரதிபலிப்பைக் குறையுங்கள், நிழலைக் கூட்டுங்கள்

தெளிந்த நீரில் பாலத்தின் பிம்பம் விழும், நிழல் அவ்வளவாகத் தெரியாது. கலங்கல் நீரில் தலைகீழ். பிம்பம் மங்கிப்போகும், நிழல் மண்தரையில் விழுவதைப் போல அப்படியே விழும். ஏன் என்றால் தண்ணீரில் மிதக்கும் மண் வெளிச்சத்தைத் தாங்கித் திருப்பி அனுப்புகிறது. மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும்போது பாலத்தடியில் பாருங்கள், தெரியும். என் முதல் படத்தில் பாலத்தின் பிம்பத்தைத்தான் அழகாக வரைந்திருந்தேன். அப்பத்தா மண்ணைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிழலுக்கு அந்த மண்வண்ணத்தோடே கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் சேருங்கள். நுரைக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விடாதீர்கள். கலங்கலின் நுரை அழுக்கு வெள்ளை, ஓரத்தில் மஞ்சள் பூத்திருக்கும். நுங்கும் நுரையுமாக என்று சொல்கிறோமே, அந்த நுரை.

ஆறாம் படி: தாளை நிமிர்த்துங்கள்

அகலவாட்டில் வைத்தால் தண்ணீர் தானாகப் படுத்துக்கொள்ளும், சிஸ்லியின் ஊராகிவிடும். நெடுக்குவாட்டில் வையுங்கள். வெள்ளம் எங்கிருந்து நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்ற இரண்டையும் முதலில் குறியுங்கள். நுழையும் இடத்தை மூடுபனியில் மறைத்துவிட்டு, வெளியேறும் இடத்தைப் பார்ப்பவரின் காலடிக்கே கொண்டுவந்தால் இழப்பு. சேர்க்கை என்றால் இரண்டு ஓடை கூடும் முக்கைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று தெளிவு. கொஞ்ச தூரம் கயிறு திரித்த மாதிரிப் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, அப்புறம் கலக்கும். அந்தக் கொஞ்ச தூரம்தான் படம்.

ஏழாம் படி: ஒரே ஒரு பொருள்

மனிதரைக் காட்ட ஆசை வரும். ஆங்கில ஓவியர் மில்லே 1870இல் வெள்ளத்தில் மிதக்கும் தொட்டிலில் ஒரு குழந்தையையும் கறுப்புப் பூனையையும் வரைந்தார். திறமையான படம்தான். எனக்கு ஒட்டவில்லை, கண்ணீரைக் கையைப் பிடித்து இழுக்கிறது. நானும் ஒருமுறை வெள்ளத்தில் ஒரு பொம்மையை மிதக்கவிட்டேன். என் வகுப்புக்கு வரும் பத்து வயதுப் பையன் பார்த்துவிட்டு, "சார், இந்த பொம்மை இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். பதில் இல்லை. அழித்துவிட்டேன்.

அந்த இடத்தில் நிஜமாகவே இருக்கக்கூடிய ஒன்றை வையுங்கள். பாதி முங்கிய கிலோமீட்டர் கல். கம்பிவேலியில் சிக்கிய பூண்டுச் சாக்கு. சரிந்த வரப்பில் அந்தரத்தில் தொங்கும் தண்ணீர்க் குழாய். ஒன்று போதும்.

2018இல் குறிஞ்சி பூத்தது, அதே வருடம் நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலையும் புரட்டிப்போட்டது, மரங்களும் மண்ணும் சரிந்தன. அந்த இரண்டையும் ஒரே படத்தில் வைக்க எத்தனையோ பேர் முயன்றிருப்பார்கள், நானும்தான். ஊதாப் பூவும் பழுப்பு வெள்ளமும் சேர்ந்தால் காலண்டர் படமாகிவிடுகிறது. கடைசியில் காய்ந்த குறிஞ்சித் தண்டை மட்டும் வைத்தேன்.

எட்டாம் படி: வடிந்த பிறகு ஒரு தடவை போங்கள்

பலர் இதைத் தவறவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் வெள்ளம் தன் கணக்கை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கும். புல்லெல்லாம் ஒரே திசையில் படிந்து கிடக்கும். புதரில் சருகு எந்த உயரத்தில் தொங்குகிறதோ அதுதான் தண்ணீர் வந்த மட்டம். பாறையில் இடுப்பளவில் ஒரு மண்கோடு. தண்ணீரே இல்லாத ஒரு வெள்ளப் படத்தை இதை வைத்து வரையலாம். நான் வரைந்ததில் ஓரளவு தேறியவை இந்த வகைதான்.

இன்னொன்று. வீடோ ஆளோ போன இடத்தில் தாளை விரிக்க வேண்டாம். குறிப்புப் புத்தகம்கூட வேண்டாம். அங்கே மண்வெட்டி பிடிக்க ஒரு கை கிடைத்தால் அதுதான் தேவை.

கடைசியாக, காயவைப்பது

கார்த்திகையில் கொடைக்கானல் பக்கம் எதுவும் காயாது. ஈரம் இழுத்த தாளில் வண்ணம் பூத்துப் பூத்து ஓரம் கட்டும். நல்ல நாளில் அது குறை. வெள்ளப் படத்தில் விட்டுவிடுங்கள், சுழி மாதிரி நன்றாகவே இருக்கும். அடுப்படிப் பரணில் தட்டையாக வைத்து இரண்டு நாள் காயவிட்டு, கண்ணாடி போட்ட சட்டத்தில் அடையுங்கள். மண்வண்ணம் விரல் பட்டால் உதிரும்.

அடைப்பதற்கு முன் படத்தின் பின்பக்கம் மண் எடுத்த இடத்தையும் வெள்ளம் வந்த தேதியையும் எழுதிவிடுங்கள். பூம்பாறைப் படத்தை அந்த மண்ணிலேயே திரும்ப வரைந்து, மறு வருடம் அப்பத்தாவிடம் கொண்டுபோனேன். இந்த முறை முன்பக்கத்தை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. திருப்பி, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். 'மேல் பாத்தி, கார்த்திகை 3' என்று படித்தேன்.

"நாலு," என்றார். "மூணாந்தேதி ராத்திரி பேஞ்சுச்சு. மண்ணு போனது நாலாந்தேதி விடியக்காலம்."

அடித்துத் திருத்தினேன்.